வாய்விட்டுப் படிக்க ஒரு மொழி

மேனேஜரின் மேஜைமேல் இரண்டு காகிதக் கட்டுகள் இருந்தன. மடிப்பு மடிப்பாக, ஓரத்தில் துளைகளோடு பிரிண்டரிலிருந்து வரும் காகிதம். ஒரு கட்டு என்னுடையது, தலையணை கனம். இன்னொன்று என்னோடு வேலை பார்த்த தசரதன் அண்ணனுடையது, பஞ்சாங்கத்தைவிட மெல்லிசு. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதற்காக எழுதப்பட்ட புரோகிராம்கள்.

இடம், ராயபுரத்தில் ஓர் இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் மாடி அறை. எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்திருந்த சமயம். கீழே முற்றத்தில் ஐஸ் கட்டிகளை மரச்சுத்தியால் உடைக்கும் சத்தம் ஓயாமல் கேட்கும். அந்தக் குளிரும் இறால் வாடையும் மாடிப்படி ஏறி எங்கள் அறைவரைக்கும் வரும்.

மேனேஜர் சுந்தரேசன் என் கட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். அவர் பேசுமுன் தசரதன் அண்ணன் முந்திக்கொண்டார்.

"இன்னாமா ரஹிமா, ஒரு கூடை எறாவுக்கு எவ்ளோ ஐஸுனு சொல்றதுக்கு இவ்ளோ காயிதமா? வாப்பா கடையில ரெண்டு மாசம் பொட்டலம் கட்டலாமே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது.

கம்பெனியின் வேலை முழுவதையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்திருந்தது. சரக்கு வரவு, ஐஸ், லாரி, பெட்டி எல்லாம். எந்த மொழியில் எழுதுவது என்று எங்கள் இருவருக்கும் இடையே ஒத்துவரவில்லை. "ரெண்டு பேரும் ஒரே சின்ன வேலையை அவங்கவங்க மொழியில எழுதிக் காட்டுங்க. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார் மேனேஜர்.

நான் கோபாலில் எழுதினேன். அண்ணன் பேசிக்கில் எழுதினார்.

என் புரோகிராமை ஓட்ட, மவுண்ட் ரோடு பக்கம் வாடகைக்கு நேரம் விடும் பெரிய மெஷினுக்குப் போக வேண்டும். இன்று கொடுத்தால் நாளை விடை வரும். அண்ணனோ மேஜைமேல் இருந்த சின்ன கம்ப்யூட்டரில் இரண்டு எண்களைத் தட்டினார். பச்சை எழுத்தில் விடை அப்போதே வந்து நின்றது. மேனேஜர் குனிந்து பார்த்தார். பிறகு என் கட்டை மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தார்.

அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

இரண்டு மொழிகள்

இப்போது கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இவற்றின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

கோபால் என்று நான் எழுதுவது ஆள் பெயர் இல்லை. வியாபாரக் கணக்குகளுக்கென்றே வந்த மொழி. தமிழ் வாயில் அது அப்படித்தான் விழும். அதில் எதையும் நீட்டி முழக்கித்தான் சொல்ல முடியும். இதை எடுத்து அதில் வை, இதோடு அதைக் கூட்டு, இது அதைவிடக் குறைந்தால் இன்ன வேலையைச் செய் என்று முழு முழு ஆங்கில வாக்கியமாக எழுத வேண்டும். நான்கு பிரிவுகள். முதல் பிரிவில் எழுதியவர் பெயர் வரும். வேலை தொடங்குவது நான்காவது பிரிவில்தான். அதற்குள் கை வலித்துவிடும்.

பேசிக் அப்படி இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குப் போ, இந்த எண்ணுக்குப் போ என்று தாவித் தாவி ஓடும். பொருள்களுக்குப் பெயராக ஓர் எழுத்து, மிஞ்சினால் இரண்டு. எழுதிய உடனே ஓட்டிப் பார்க்கலாம். தப்பு வந்தால் அங்கேயே திருத்தலாம்.

தாமதமாக எங்களோடு சேர்ந்த ஒரு பையன் பாஸ்கல் என்ற மூன்றாவது மொழியைத் தூக்கிக்கொண்டு வந்து, நாங்கள் இருவருமே தப்பு என்றான். அந்த விஷயத்தில் மட்டும் நானும் அண்ணனும் ஒரே கட்சி.

பஸ்ஸில் நடந்த சண்டை

நான் பழவேற்காட்டுக்காரி. வாப்பாவுக்குக் கடைத்தெருவில் மளிகை. ஊரில் எங்கள் ஜனத்தில் பெண்பிள்ளை மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பது அப்போது பெரிய பேச்சு. "அந்தப் புள்ள மெசினுக்குள்ள போய் இன்னா பண்ணுது?" என்று உம்மாவிடம் கேட்காத ஆள் கிடையாது.

தசரதன் அண்ணனுக்கு ஊர் தோணிரேவு. ஏரியில் வலை போடுகிற குடும்பம். எங்கள் தெருவிலிருந்து கரையோரமாக நடந்தே போய்விடலாம். ஒரே ஊர்ப்பக்கம் என்பதால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். அவர் ஜன்னலோரம், நான் முன் வரிசையில் பெண்கள் பக்கம். அங்கிருந்தே திரும்பித் திரும்பிச் சண்டை போடுவேன்.

"நீங்க எழுதுறது உங்களைத் தவிர யாருக்குண்ணா புரியும்?"

"எனக்குப் புரிஞ்சா போதாதா? நான்தானே எழுதறேன்?"

"நாளைக்கு வேற ஆள் வந்தா?"

"நான் எங்க போவப்போறேன்?"

பொன்னேரி வரைக்கும் இது ஓடும். திருப்பாலைவனம் வரும்போது இருட்டிவிடும். இருட்டியதும் அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவார். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

பழவேற்காட்டு பஸ் நிற்கும் இடத்தில் அவர் மனைவி கஸ்தூரி டார்ச் லைட்டோடு காத்திருப்பாள். கல்யாணமாகி ஒரு வருடமோ என்னவோ. எட்டாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால், எங்கள் கம்பெனி கரையில் இறால் வாங்கும் டெப்போவில் இறால் உரித்த கை. விரல் நுனிகளில் ஓடு குத்திய தழும்புகள் இருக்கும். அண்ணன் இறங்கியதும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டே கூட்டிப்போவாள். புதுப் பொண்டாட்டி ஆசையைப் பார் என்று பஸ்ஸிலிருந்து இறங்குகிற பெண்கள் கேலி பேசுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தான் எப்படிப் படிக்கப் போனார் என்பதை ஒரு நாள் பகல் நேரத்துப் பயணத்தில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் நைனா அவரை ராத்திரி இறால் பிடிக்க ஏரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். படகிலிருந்து கரை என்று நினைத்துத் தண்ணீரில் காலை வைத்துவிட்டார். இரண்டு மூன்று முறை இப்படி ஆனதும், பையனுக்குப் பயம், ஏரிக்கு லாயக்கில்லை என்று வீட்டில் முடிவு செய்து பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"எங்க அண்ணன் ஏரியில கீறாரு. நான் ஏசி ரூம்ல கீறேன். எல்லாம் அந்த இருட்டு பண்ண வேல" என்று சிரித்தார். அது ஒரு நோயின் கதை என்று எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

தோணிரேவுக்கு ஐஸ் வராத நாள்

அண்ணனின் பேசிக் புரோகிராம் பழவேற்காட்டு டெப்போவுக்கு வந்தது. ஒரு சின்ன கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓர் ஆபரேட்டர் பையன். உப்புக்காற்றுக்குப் பயந்து மெஷினை எந்நேரமும் போர்வை போர்த்தி வைத்திருப்பார்கள்.

ஏரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு படகுத்துறைக்கும் மறுநாள் விடியலில் எத்தனை கட்டி ஐஸ் போக வேண்டும் என்று அது சொல்லும். லாரிக்காரர் அந்தக் காகிதத்தைப் பார்த்து இறக்கிவிட்டுப் போவார். அதை விளையாட்டாக நினைக்கக் கூடாது. இறால் கரைக்கு வந்து வெயில் ஏறுவதற்குள் ஐஸில் விழ வேண்டும். இல்லையென்றால் தலை கறுத்துப்போகும். தலை கறுத்த இறாலைக் கம்பெனி தொடாது.

நான்கைந்து வருடம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. நான் ராயபுரத்தில் சம்பளப் பட்டியலைக் கோபாலில் எழுதிக்கொண்டு கிடந்தேன். பஸ்ஸில் என் வாய் அடங்கிவிட்டது.

பிறகு உயிர் நண்டு ஏற்றுமதி தொடங்கியது. நண்டையும் புரோகிராமில் சேர்க்கச் சொன்னார்கள். அண்ணன் டெப்போவுக்கு வந்து, பழைய வரிகளுக்கு நடுவே புது வரிகளைச் செருகினார். ஒரு வரியில், போக வேண்டிய எண்ணில் ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று விழுந்துவிட்டது. மெஷின் குற்றம் சொல்லவில்லை. அந்த எண்ணிலும் ஒரு வரி இருந்ததே, அங்கே போயிற்று. நடுவில் ஒரு துறை விட்டுப்போயிற்று.

விட்டுப்போன துறை தோணிரேவு.

அன்று நல்ல பாடு. படகு படகாக இறால் வந்து இறங்கியது. ஐஸ் லாரி தோணிரேவில் நிற்காமல் போயிற்று. ஆள் ஓடி டெப்போவில் சொல்லி, அங்கிருந்து பொன்னேரிக்குப் போன் பேசி, மறுபடி லாரி வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உரிக்க வந்த பெண்கள் வெறுங்கூடையோடு டெப்போ வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கறுத்த இறாலைக் கோழித்தீவனக்காரன்கூட முகம் சுளித்துக்கொண்டுதான் எடுத்தான். அதில் அண்ணனுடைய சொந்த அண்ணனின் பாடும் இருந்தது.

நான் அன்று ஊரில் இல்லை. ஆபரேட்டர் பையன் சொல்லித்தான் தெரியும். அண்ணனுடைய நைனா டெப்போவுக்குள் வந்திருக்கிறார். சத்தம் போடவில்லையாம். மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மகனிடம் கேட்டிருக்கிறார்.

"இதுக்குள்ள நம்ம ஊரு இல்லியாப்பா?"

அண்ணன் மெஷின்மேல் போர்வையை இழுத்து மூடினாராம்.

மேனேஜர் அவரைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். புரோகிராமைச் சரிசெய்யும் வேலை எனக்கு வந்தது.

மீன் வாய்

நான் அந்தக் காகிதத்தை விரித்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். ஏ ஒன்று, டி, என் ஒன்பது. எது இறால், எது ஐஸ் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எல்லா ஊரும் எண்கள்தாம். தோணிரேவுக்கு எண் மூன்று. நைனா கேட்டது சரிதான், அதற்குள் ஊர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காகிதக் கட்டோடு தோணிரேவுக்குப் போனேன். கஸ்தூரி டீ போட்டாள். அண்ணன் வீட்டுக்குள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்காமல் இருந்தது. கட்டை அவர் மடியில் வைத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை.

"நீயே படி" என்றார்.

கோபம் என்று நினைத்தேன். "அண்ணா, என்மேல இன்னா கோவம்? நானா கேட்டு வாங்கினேன் இந்த வேலையை?"

கஸ்தூரிதான் வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னாள். "அக்கா, அவருக்கு எழுத்து தெரியறதில்ல."

"சும்மா கெட" என்றார் அண்ணன்.

"எத்தினி நாளைக்குயா சும்மா கெடக்கறது? அவங்களுக்காவது தெரியட்டும்."

அதன்பின் அவரே சொன்னார். மெட்ராஸில் பெரிய கண்ணாஸ்பத்திரியில் காட்டியாகிவிட்டது. குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் அவருக்கு உலகம் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் குழாய் வருஷா வருஷம் குறுகிக்கொண்டே வந்தது. பிறவியிலேயே வந்த கோளாறு, மருந்து இல்லை, முழுசாக இருட்டிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸில் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மறைத்திருக்கிறார். தன் பழைய புரோகிராம் வரி எண்ணோடு மனப்பாடம். பார்க்காமலே தட்டுவார். புதிதாக எழுதினதைச் சரிபார்க்கும்போதுதான் ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

பஸ்ஸில் இருட்டியதும் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டது, டார்ச் வெளிச்சம், முழங்கையைப் பற்றிய கை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"சரி, படி. கேட்டாலாவது புரியுதானு பார்ப்போம்" என்றார் கஸ்தூரியிடம். என்னிடம் சொல்லவில்லை. நான் படித்தால் வேலை என்று ஆகிவிடும், அவள் படித்தால் வீட்டுப் பேச்சு என்று நினைத்தாரோ என்னவோ.

கஸ்தூரி காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எழுத்துக் கூட்டினாள்.

"ஆயிரத்து எறநூறு. ஐ, எஃப். ஏ, ஒண்ணு. அப்பறம்… இது இன்னாக்கா, மீன் வாயைத் தொறந்துகினு இருக்கறா மாதிரி கீது?"

"அதைவிடப் பெரிசுனு அர்த்தம்" என்றேன்.

"மீன் வாய். அப்பறம் டி. அப்பறம் ஆயிரத்து நானூத்தி அறுவதுக்குப் போவணுமாம்."

காகிதத்தைப் புரட்டி அந்த எண்ணைத் தேடினாள். கண்டுபிடித்துப் படித்தாள். அது இன்னொரு எண்ணுக்கு அனுப்பியது. மறுபடி புரட்டினாள். கட்டு மடிப்புக் கலைந்து தரை முழுக்க ஓடியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் முட்டியில் ஏதோ எண்ணிக்கொண்டே வந்தார். புது வரிகள் செருகிய இடத்துக்கு வந்ததும், எண்களின் தாவலைக் காதால் பின்தொடர முடியாமல் விரல் நின்றுவிட்டது.

"போதும்" என்றார்.

தரையில் கிடந்த காகிதத்தை நானும் கஸ்தூரியும் மடித்தோம். வெளியே நைனா யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"ரஹிமா. அந்தக் கோபாலு கட்டு வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?"

"இருக்குண்ணா."

"அடுத்த வாரம் எடுத்துகினு வா."

"யாருக்கா கோபாலு?" என்றாள் கஸ்தூரி. அன்று அந்த வீட்டில் அண்ணன் சிரித்தது அதற்கு ஒரு முறைதான்.

புள்ளி

சின்ன மெஷினிலும் ஓடும் கோபால் அதற்குள் வந்திருந்தது. பேசிக் புரோகிராமைத் திருத்த என்னால் முடியாது, புதிதாகவே எழுதிவிடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். "எப்படியோ பண்ணும்மா, இன்னொரு தடவை அந்த மாதிரி ஆகக் கூடாது" என்றார்.

வாரம் முழுக்க ராயபுரத்தில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் எடுத்ததைத் தோணிரேவுக்குக் கொண்டுபோவேன். கஸ்தூரி படிப்பாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் அவளுக்குத் துருப்பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மூவ், ஆட், இஃப் எல்லாம் அவள் வாய்க்குள் அடங்கின. அண்ணன் முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார்.

"பேரையெல்லாம் நம்ம பேரா வை. எறானா எறா, நண்டுனா நண்டு. இங்கிலீசு எழுத்துலதான் எழுதப் போற, மெசினுக்கு இன்னா தெரியும்?"

அது எனக்குத் தோன்றியதே இல்லை. கோபாலில் ஒரு பொருளுக்கு முப்பது எழுத்து வரைக்கும் நீளமாகப் பெயர் வைக்கலாம். அந்த நீளத்தைத்தான் அவர் இத்தனை வருடம் கேலி செய்தார்.

அடுத்த வாரம் கஸ்தூரி படித்தாள். "ஆட் நண்டு-பெட்டி டு தோணிரேவு-பெட்டி. மூவ் தோணிரேவு-ஐஸ் டு லாரி-ஐஸ்."

வாசலில் இருந்த நைனா எட்டிப் பார்த்தார். "இன்னாது, நம்ம ஊரு பேரு சொல்றா?"

"ஆமா நைனா. கம்ப்யூட்டர்ல எழுதிக்கீது" என்றாள் கஸ்தூரி.

அவர் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் முடியும் வரைக்கும் இருந்து கேட்டுவிட்டுத்தான் போனார்.

இப்படிச் சொன்னால் எல்லாம் சுமுகமாக நடந்த மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. அண்ணனுக்கு என் எழுத்து பிடிக்கவே இல்லை. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக ஒரே கணக்கை எழுதியிருந்தேன். "கணக்கு ஒண்ணுதானே? ஒரு வாட்டி எழுதிட்டு எல்லா ஊரையும் அது வழியா அனுப்பேன். கழுத்தறுக்கறியே" என்பார். பாதியை வெட்ட வைத்தார். வெட்டியபின் நன்றாகத்தான் இருந்தது. பேசிக்காரருக்கு உள்ள சிக்கனம் அது.

ஒரு ஞாயிறு, கஸ்தூரி ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தாள். திருப்பிக் கேட்டார். மறுபடி தப்பாகவே வந்தது. அவள் கையிலிருந்த காகிதத்தைத் தடவிப் பிடுங்கி எறிந்துவிட்டார். அவர் அவள்மேல் கோபப்படவில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். ஆனாலும் எறிந்தது அவள் கையிலிருந்ததைத்தான். கஸ்தூரி எழுந்து ஏரிப்பக்கம் போய்விட்டாள். நான் கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். காகிதத்தைப் பொறுக்கி மடித்தாள்.

"எந்த எடத்துல வுட்டேன்?" என்றாள்.

அண்ணன் அந்த வரியைச் சொன்னார்.

கோபாலுக்கும் ஒரு நோய் உண்டு, மறைக்காமல் சொல்ல வேண்டும். வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். அதை மறந்தாலும் பல இடங்களில் மெஷின் தப்பு என்று சொல்லாது. அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து முழுங்கிவிடும். எறும்புத் தலை அளவு புள்ளி. அது கண்ணுள்ளவர்களுக்கே தெரிவதில்லை. காதுக்கு எப்படித் தெரியும்? அதனால் கஸ்தூரி ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

புரோகிராம் முடியும் தறுவாயில் ஒரு நாள் கடகடவென்று படித்துக்கொண்டு போனாள். அண்ணன் கையைத் தூக்கினார்.

"புள்ளி சொல்லல நீ."

"இங்க புள்ளி இல்ல."

"நல்லாப் பாரு."

கஸ்தூரி காகிதத்தை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் பார்த்தேன். இல்லை. நண்டு வராத நாளில் இறாலுக்கும் ஐஸ் போகாமல் செய்திருக்கும் இடம் அது. நான் எழுதி, நான் சரிபார்த்து, மெஷினும் ஒப்புக்கொண்ட இடம்.

அண்ணன் "மேல படி" என்றார்.

டெப்போவில் ஒரு வேலை

புதுப் புரோகிராமைப் பழையதோடு சேர்த்தே ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தோம். பிறகு பழையதை நிறுத்தினார்கள். மேனேஜர் என்னைப் பாராட்டினார். இது என் வேலை மட்டும் இல்லை என்று சொல்லி நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

அதே சமயம் டெப்போ ஆபரேட்டர் பையனுக்கு சவுதி விசா வந்துவிட்டது. அந்த இடத்துக்கு அண்ணனைப் போடுங்கள் என்றேன்.

"பார்வை இல்லாதவரை மெஷின் முன்னால உட்கார வச்சா ஹெட் ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க ரஹிமா. என்னால முடியாது." கொஞ்சம் யோசித்தார். "படிச்சுக் காட்டின அந்தப் பொண்ணு வருமா? அதுக்குத்தான் புரோகிராம் முழுக்கத் தெரியுமே."

அந்தச் சேதியைத் தோணிரேவுக்குத் தூக்கிக்கொண்டு போனது என் வாழ்க்கையில் நான் நடந்ததிலேயே கனமான நடை.

கஸ்தூரி உடனே சொல்லிவிட்டாள். "அவரு ஊட்ல ஒக்காந்துகினு இருக்கசொல்ல, நான் போயி அவரு சீட்ல ஒக்கார்றதா? வேணாங்க்கா. எறா உரிச்சே பொழச்சிக்கறேன்."

அண்ணன் எழுந்து, சுவரைத் தொட்டுத் தொட்டு வெளியே போனார். நான் சொல்லிக்கொள்ளாமல் திரும்பினேன். அந்த வாரம் முழுக்க எனக்கு, ஒரு வீட்டுக்குள் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த விளக்கைப் போய்த் தட்டிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

எந்த மொழி நல்லது என்று இப்போதும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். சில வருடத்தில் டிபேஸ் என்று ஒன்று வந்தது. நாங்கள் அடித்துக்கொண்ட இரண்டுமே பழசாகிவிட்டன. அந்தப் புரோகிராம் மட்டும் டெப்போ மூடும் வரைக்கும் ஓடியது. நான் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போன பிறகும், என்னைக் கேட்காமலே அதில் எத்தனையோ திருத்தங்கள் செய்தார்கள். ஒவ்வொரு திருத்தமும் வாய்விட்டுப் படித்துக் கேட்டபிறகுதான் மெஷினுக்குள் போகும் என்று கேள்வி. அண்ணனுக்குக் கடைசியில் பகலும் இருட்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல எனக்கு இதைத் தவிர வேறு தெரியாது. நாளைக்கு உன் இடத்தில் யார் உட்கார்ந்து படிக்கப்போகிறார்கள் என்று யோசித்துவிட்டு எழுது என்பேன்.

நான் நேரில் பார்த்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது.

கஸ்தூரி வேணாம் என்று சொன்னதற்கு அடுத்த திங்கட்கிழமை. கிளம்புகிற பையனிடமிருந்து மெஷினைப் பொறுப்பெடுக்க நானும் மேனேஜரும் பழவேற்காட்டு டெப்போவில் இருந்தோம். வெளியே எடைத் தராசருகே பேச்சுச் சத்தம் நின்றது. உரிக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

அண்ணனும் கஸ்தூரியும் வந்துகொண்டிருந்தார்கள். அவர் கை அவள் தோளில் இருந்தது. முகம் மழித்து, ஆபீஸுக்கு வரும்போது போடும் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். சட்டைப் பையில் பேனா செருகியிருந்தது.

மேனேஜர் எழுந்து நின்றார். "வாங்க தசரதன்" என்றார். பிறகு தயங்கினார். "ஒரு ஆளுக்குத்தான் வேலை போட முடியும். உங்ககிட்ட ரஹிமா சொல்லியிருக்கும்."

"தெரியும் சார். வேலை அவளுக்குத்தான். அவ பேரையே போடுங்க" என்றார் அண்ணன். "நாற்காலி மட்டும் ரெண்டு போடச் சொல்லுங்க."

டெப்போவில் இருந்தது இரண்டே நாற்காலி. மெஷின் முன்னால் ஒன்று, மேனேஜர் வந்தால் உட்கார ஒன்று. மேனேஜர் என்னைப் பார்த்தார். அவர் தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டுபோய் மெஷினருகே போட்டார். அண்ணன் கையைப் பிடித்து அதன் முதுகில் வைத்தார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். கஸ்தூரி போர்வையை விலக்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சுவிட்சைப் போட்டாள். அந்தக் காலத்து மெஷினில் எழுத்து வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"வந்துச்சா?" என்றார் அண்ணன்.

"இருய்யா. வருது."